இரத்தம் ஊறும் உணவு எங்கே இருக்கிறது?



இரத்தினபுரி, கேகாலைப் பகுதித் தோட்டங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு முறைப்பாடு உண்டு. "உடம்பெல்லாம் அசதியா இருக்கு, மலை ஏற மூச்சு வாங்குது, தலை சுத்துது" என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் சொல்வார்கள். வேலை கூடிப்போனதென்று சிலர் நினைப்பார்கள். கண்ணூறு என்று சிலர் திரிஷ்டி கழிப்பார்கள். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. உடம்பில் இரத்தம் குறைந்திருக்கிறது. அதைத்தான் இரத்தசோகை என்கிறோம்.

நாம் இழுக்கும் மூச்சுக்காற்றில் உள்ள பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருளாகும். அதை உண்டாக்க இரும்புச்சத்து வேண்டும். கர்ப்பிணித் தாயின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் அது 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்று வைத்தியர்கள் கணிக்கிறார்கள். இரத்தம் குறைந்த தாய்க்கு மலை ஏற முடியாது, கூடை நிறையாது, முழுப்பேர் அரைப்பேராகும். அதைவிடப் பெரிய நட்டம், பிறக்கும் பிள்ளை நிறை குறைந்து பிறப்பதும், பிரசவத்தில் தாயின் உயிருக்கே ஆபத்து வருவதுமாகும். 2016ஆம் ஆண்டு நாடளாவிய குடும்ப சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப் பிள்ளைகளிலோ அது சுமார் 32. இந்தக் குறை தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது.

தேத்தண்ணியும் இரும்புச்சத்தும்

காலையில் பெரட்டுக்குப் போகுமுன் கோதுமை ரொட்டியும் சம்பலும், கூடவே ஒரு கோப்பை தேத்தண்ணி. பத்து மணிக்கு மீண்டும் அதுவே. இந்தப் பழக்கத்தில் ஒரு மறைவான கேடு இருக்கிறது. தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து, நாம் உண்ட ரொட்டியிலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. அது உடம்பில் சேராமல் வெளியே போய்விடுகிறது. 1975இல் தென்னாபிரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், ரொட்டியோடு தேநீர் குடித்தவர்களின் உடம்பில் சேர்ந்த இரும்பு, தண்ணீர் குடித்தவர்களுக்குச் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது. உலகத்துக்கே தேயிலை கொடுக்கும் கைகளுக்கு இந்த உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

தேத்தண்ணியை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். சாப்பாட்டோடு கொதித்தாறிய தண்ணீரோ கஞ்சியோ போதும். சின்னப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வேண்டியதே இல்லை.

இதற்கு எதிர்மாறான உதவியும் உண்டு. புளிப்பான பழங்களிலுள்ள வைட்டமின் சி, இரும்பை உடம்பில் சேர்க்க உதவுகிறது. கீரைச் சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். சாப்பிட்டதும் ஒரு கொய்யாப்பழமோ இரண்டு நெல்லிக்காயோ கொடுங்கள். வேலியோரக் கொய்யாவில், கடையில் விலை கொடுத்து வாங்கும் தோடம்பழத்தைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது.

லயத்தைச் சுற்றி விளைபவை

சப்ரகமுவ மழை வளமுள்ள பூமி. வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை, பசளி எல்லாம் சிறு பாத்தியில் தாமாகவே தழைக்கும். வெயில்படும் மேட்டில் ஒரு முருங்கைத் தடி ஊன்றலாம். ரொட்டி மாவில் ஒரு பிடி முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்தால், அதே ரொட்டி சத்துள்ள உணவாகும். பயறு, கௌபி, கடலையை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்கவைத்து அவித்தால், அதிலுள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும். கிழமையில் சில நாளாவது நெத்தலிக் கருவாடு சேர்த்துக்கொள்ளுங்கள். மீனோடு உண்ணும்போது கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை: களைக்கு மருந்தடித்த தேயிலை மலையிலும், கழிவுநீர் ஓடும் கானோரத்திலும் கீரை பறிக்கவேண்டாம்.

இன்னுமொன்று. எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்பதே தாயின் வழக்கமாகிவிட்டது. கணவன்மாரே, கறியில் ஒரு பங்கை முதலிலேயே அவளுக்கென எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரத்தம் அதிகம் வேண்டியவள் அவளே.

இரத்தம் குடிக்கும் புழு

எவ்வளவு நல்ல உணவு உண்டாலும் குடலில் கொக்கிப்புழு இருந்தால் அது இரத்தத்தை உறிஞ்சிவிடும். அது ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். நம் முன்னோரை இந்த நோய் பெரிதும் வாட்டியது. 1916இல் அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. தொழிலாளருக்கு மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. ஆனால் லயங்களில் மலசலகூடம் இல்லாததால், சில மாதங்களில் அதே மண்ணிலிருந்து புழு மீண்டும் தொற்றியது. மருந்து மட்டும் போதாது என்ற பாடம் அன்றே கிடைத்தது. ஆகவே மலசலகூடத்தையே பாவியுங்கள். பிள்ளைகளைச் செருப்பில்லாமல் விடாதீர்கள். பூச்சி மருந்தை மருத்துவமாது சொல்லும் காலத்தில் எடுங்கள்.

அந்த வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. அன்று கொடுத்த மருந்துகளில் ஒன்று செனோபோடியம் என்னும் செடியிலிருந்து வடித்த எண்ணெய். அது புழுவைக் கொன்றது; அளவு மீறினால் மனிதனையும் கொல்லும் நஞ்சாக இருந்தது. "பச்சிலைதானே, என்ன செய்யும்?" என்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். நாம் உண்ணும் மரவள்ளியிலும் நஞ்சு உண்டு. அதனால்தான் தோல் உரித்து, மூடாமல் நன்றாக அவிக்கிறோம்.

கைமருந்து எதுவரை?

சளி, தொண்டைக்கரகரப்புக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர் இதமானது. இளஞ்சூடான உப்புநீரால் கொப்பளிப்பதும் நல்லது. தேன் கொடுக்கலாம், ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் தொட்டும் வைக்கவேண்டாம். அது குழந்தைக்குக் கொடிய நரம்பு நோயை உண்டாக்கக்கூடும்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் கொடுங்கள். அது கைவசம் இல்லாவிட்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் பருக்குங்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தவேண்டாம்.

தீப்பட்ட இடத்தில் பற்பசை பூசாதீர்கள். வெட்டுக்காயத்தில் கோப்பித்தூள் வைக்காதீர்கள். தீக்காயத்துக்கு இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓடவிடுவதே முதல் மருந்து.

காய்ச்சலில்தான் நாம் மிகவும் விழிப்பாயிருக்க வேண்டும். மழைக்காலத்தில் நம் இரு மாவட்டங்களிலும் எலிக்காய்ச்சலும் டெங்குவும் பரவுகின்றன. காய்ச்சலோடு கெண்டைக்கால் நோ, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் கண்டாலும், தீராத வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. அளவான பரசிட்டமோல் தவிர வேறு வலிமாத்திரை கொடுக்கவேண்டாம். பப்பாசியிலைச் சாற்றை நம்பி வீட்டில் இருந்த இரண்டு நாள்தான் பலருக்கு உயிராபத்தாகிவிடுகிறது. பாம்பு கடித்தாலும் அப்படியே: கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

இரத்தசோகை முற்றியபின் கீரை மட்டும் அதைத் தீர்க்காது. கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை, மலம் கறுக்கிறதென்று பயந்து கூரையிடுக்கில் செருகி வைக்காதீர்கள். கறுப்பாகப் போவது வழமையே. அதைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் எடுங்கள்.

உணவு நம் கையில். மருந்து வைத்தியர் கையில். இரண்டையும் எதிரிகளாக்காமல் துணைகளாக்கிக் கொள்வதே குடும்பத்தைக் காக்கும் அறிவு.

குடும்பமாகக் கலந்து பேச

1. நம் வீட்டில் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பவர் யார்? அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம்?

2. லயத்து முன்புறத்தில் இந்த மாதம் எந்த இரண்டு கீரைகளை நடுவோம்?

3. நம் வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? அவருக்கு என்ன மிஞ்சுகிறது?