பட்டத்துக்குப் பிறகு

வீட்டில் ஒரு பிள்ளை பட்டம் வாங்கிவிட்டால் என்ன நடக்கும்? கறுப்பு அங்கி போட்டு, தலையில் தொப்பி வைத்து, கையில் சுருட்டிய காகிதத்தோடு ஒரு போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோவைச் சுவரில் மாட்டுவார்கள். சொந்தக்காரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உள்ள லைன் வீடுகளில் இப்படிப் பல போட்டோக்கள் உண்டு. தாத்தா மைன்ஸில் இறங்கியவர். அப்பாவும் இறங்கியவர். பேத்தி பட்டதாரி. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

அடுத்த வருஷம் என்ன ஆகிறது? அந்தப் பெண் விடிவதற்கு முன்பே எழுந்து ரயில் பிடித்துப் பெங்களூருக்குப் போகிறாள். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறாள். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு தங்கவயலில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கை அந்த ரயிலில்தான் ஓடுகிறது. அவள் அங்கே என்ன வேலை செய்கிறாள்? "ஏதோ கம்ப்யூட்டர் வேலை" என்பார் அம்மா. "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பார் பக்கத்து வீட்டுக்காரர். இந்த வருஷம் எந்த வேலையைச் செய்து முடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

பட்டம் வாங்குவது ஒரு சாதனை. பட்டம் வாங்கிய முதல் சில வருஷங்களில் செய்யும் வேலை வேறொரு சாதனை. முதலாவதற்கு மாலை உண்டு, போட்டோ உண்டு. இரண்டாவது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தங்கவயல் மண்ணுக்கு அடியிலேயே அது நடந்திருக்கிறது.

நஞ்சன்கூட்டிலிருந்து வந்தவர்

மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூடு என்ற ஊர் இருக்கிறது. பி.வி. ஸ்ரீகண்டன் 1925-ல் அங்கே பிறந்தார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து எம்.எஸ்சி. பட்டம் வாங்கினார். 1948-ல் பம்பாயில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஹோமி பாபா என்ற பெரிய விஞ்ஞானி தொடங்கிய நிலையம் அது. அப்போது அது தொடங்கி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

பாபா இந்த இளைஞருக்கு ஒரு வேலை கொடுத்தார். கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். விண்கதிர் பூமிக்கு அடியில் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று அளந்து வர வேண்டும். இது 1950-களின் தொடக்கத்தில் நடந்தது. ஸ்ரீகண்டனுக்கு அப்போது இருபத்தைந்தை ஒட்டிய வயது.

விண்கதிர் என்றால் என்ன? வானவெளியிலிருந்து மிகச் சிறிய துகள்கள் இரவும் பகலும் வந்துகொண்டே இருக்கின்றன. உயரத்தில் காற்றில் மோதி உடைகின்றன. உடைந்ததில் ஒரு வகைத் துகள் தரை வரைக்கும் வருகிறது. அதற்கு மியூவான் என்று பெயர். உங்கள் உள்ளங்கையை வானத்தைப் பார்த்து நீட்டுங்கள். ஏறக்குறைய நொடிக்கு ஒரு மியூவான் அதன் வழியாகப் புகுந்து போகிறது. வலிக்காது. தெரியவும் தெரியாது.

ஓட்டு வீட்டில் மழை ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டின் மேல் ஓடு அடுக்கினால் ஒழுகுவது குறையும். விண்கதிர் மழைக்குப் பாறைதான் கூரை. ஆழம் கூடக்கூட ஒழுகல் குறைகிறது. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி. அதற்குக் கோலாரைவிட நல்ல இடம் கிடைக்காது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3,000 மீட்டருக்கும் கீழே போனது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. வழியில் ஒவ்வொரு ஆழத்திலும் லெவல் வெட்டியிருந்தது. மின்சாரம் இருந்தது. இறங்க கேஜ் இருந்தது.

ஆனால் மைன்ஸில் இறங்கியவர்களுக்கு மட்டும்தான் கீழே இருக்கும் நிலைமை தெரியும். அடி ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். காற்றில் ஈரம். சூடும் ஈரமும் மின்கருவிகளுக்கு ஆகாது. கம்பி, விளக்கு, பெட்டி எல்லாவற்றையும் கேஜில் இறக்கிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு எண் வந்தால் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த எண்ணுக்குக் காத்திருக்க வேண்டும். எம்.எஸ்சி. படித்தவர் பார்த்த முதல் பெரிய வேலை இதுதான். அந்த அளவுகளை வைத்துத்தான் அவர் முனைவர் பட்டம் வாங்கினார்.

ஒன்றும் வராத இரண்டு மாதம்

ஸ்ரீகண்டன் தொடங்கிய வேலையை இன்னும் சிலர் தொடர்ந்தார்கள். வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமணமூர்த்தி ஆகியோர் அவர்களில் இருவர். ஜப்பானின் ஒசாகா நகரிலிருந்து மியாகே என்பவரும் வந்து சேர்ந்தார். 1960-களின் தொடக்கத்தில் இந்தக் குழு கருவிகளைச் சுமார் 2,760 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனது. ஏறக்குறைய 9,000 அடி. அங்கே கருவியை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஒரு வாரம் ஆனது. ஒரு மாதம் ஆனது. இரண்டு மாதம் ஆனது. ஒரே ஒரு மியூவான்கூட வரவில்லை.

இந்த நேரத்தில் அந்த இளைஞர்களில் ஒருவர் ஊருக்குப் போயிருந்தால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்? "இரண்டு மாதமாக என்ன செய்தாய்?" "எண்ணினேன்." "எத்தனை வந்தது?" "ஒன்றும் வரவில்லை." பெற்றோருக்கு வயிறு கலங்கியிருக்கும். எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுதி எந்த ஊரிலும் பாராட்டுப் பத்திரம் கொடுக்க மாட்டார்கள்.

உண்மையில் அந்தப் பூஜ்யம்தான் பெரிய செய்தி. நியூட்ரினோ என்று இன்னொரு துகள் உண்டு. சூரியனிலிருந்தும் வருகிறது. விண்கதிர் காற்றில் மோதும்போதும் பிறக்கிறது. அதற்குச் சுவரும் இல்லை, பாறையும் இல்லை. பூமியின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறு பக்கத்தில் வெளியே போய்விடும். மிக அபூர்வமாக ஏதாவது ஒன்றில் மோதும். அப்போது அது ஒரு மியூவானை உண்டாக்கும். தரைக்கு மேலே அதைக் கண்டுபிடிக்க முடியாது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் காதோடு பேசுவதை எப்படிக் கேட்பது? கோலாரின் ஆழத்தில் கூட்டமே இல்லை என்று அந்தப் பூஜ்யம் சொன்னது. அங்கே ஒரு சத்தம் கேட்டால் அது நியூட்ரினோவின் சத்தமாக இருக்கலாம்.

உடனே வேலை நடந்தது. பம்பாய், ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய மூன்று இடத்து விஞ்ஞானிகளும் சேர்ந்தார்கள். சாம்பியன் ரீஃபில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். மேலிருந்து வரும் மியூவான் செங்குத்தாக வரும். நியூட்ரினோ உண்டாக்கிய மியூவான் பக்கவாட்டிலும் வரும். அப்படிப் பக்கவாட்டில் வந்தவற்றை அவர்கள் பிடித்தார்கள். விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதுவே போதும். 1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட அறிவியல் இதழில் முடிவு வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில் வேறொரு குழு அதே வருஷம் பிப்ரவரியிலேயே இதைக் கண்டிருந்தது. ஆனால் அச்சில் கோலார் இரண்டு வாரம் முந்திக்கொண்டது.

அந்தக் கட்டுரையில் பதினொரு பேருடைய பெயர்கள் இருக்கின்றன. ஐந்து பேர் இந்தியர், இரண்டு பேர் ஜப்பானியர், நான்கு பேர் ஆங்கிலேயர். கருவியோடு இவர்களை இறக்கிய கேஜ்காரர் பெயர் அதில் இல்லை. பாறையைக் குடைந்து வழி செய்தவர் பெயரும் இல்லை. எழுதியவர்கள் பெயரை மட்டும் போடுவது அப்படிப்பட்ட கட்டுரைகளின் வழக்கம். ஆனால் அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தங்கவயலில் இருக்கிறார்கள். "எங்கள் தாத்தா வேலை செய்த இடத்தில்தான் அது நடந்தது" என்று அவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

விருது எப்போது வருகிறது?

ஸ்ரீகண்டன் 1975 முதல் 1987 வரை அதே ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தார். 1988-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கோலாரில் முதன்முதலில் இறங்கி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2019-ல் அவர் காலமானார்.

ஜப்பானில் தகாகி கஜிதா என்பவர் கதையும் இதே போன்றதுதான். அவரும் சுரங்கத்துக்குள் நியூட்ரினோவைத் தேடியவர். 1986-ல் முனைவர் பட்டம் வாங்கினார். கொஞ்ச நாளிலேயே கணக்கில் ஒரு குறையைக் கவனித்தார். ஒரு வகை நியூட்ரினோ வரவேண்டிய அளவுக்கு வரவில்லை. தான்தான் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். 1988-ல் அவருடைய குழு அதை வெளியிட்டது. பலர் நம்பவில்லை. 1998-ல் இன்னும் பெரிய கருவி அதற்குக் காரணத்தை உறுதி செய்தது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முதல் சந்தேகம் வந்தபோது அவர் முப்பது வயதுகூட ஆகாத புதுப் பட்டதாரி.

இப்படித் தாமதம் ஆவதால்தான் சில விருதுகளுக்கு வயது வரம்பு வைத்தார்கள். பெரியவரும் இளையவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் பெரியவருடைய சாதனைப் பட்டியல்தான் நீளமாக இருக்கும். இளையவருக்குத் தனிப் பந்தி வேண்டும். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு 1958-ல் தொடங்கியது. பின்னால் அதற்கு 45 வயது வரம்பு வந்தது. கோலார் கட்டுரையில் பெயர் உள்ள எம்.ஜி.கே. மேனன் 1960-ல் தம் 32-வது வயதிலேயே அந்தப் பரிசைப் பெற்றார். இந்திய தேசிய அறிவியல் கழகம் 1974 முதல் இளம் விஞ்ஞானிகளுக்குப் பதக்கம் கொடுக்கத் தொடங்கியது. 2024 முதல் பட்நாகர் பெயரில் இளையவருக்கான தேசிய விருது புது வடிவில் தரப்படுகிறது. அதற்கும் வரம்பு 45 வயதுதான். 45 வயதுக்காரர் இளைஞரா என்று தங்கவயலில் கேட்பார்கள். அந்த வயதில் இங்கே பலர் தாத்தா ஆகியிருப்பார்கள்!

இவை விஞ்ஞானிகளுக்கான விருதுகள். மாரிக்குப்பம் ரயிலில் போகிற பெண்ணுக்கு இவை வராது. அவள் ஒரு மருத்துவமனையில் முதல் வருஷ நர்ஸாக இருக்கலாம். பள்ளியில் புது டீச்சராக இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் பத்துப் பேரை அவள் படிக்க வைத்திருக்கலாம். ராத்திரி ஷிப்டில் ஒரு நோயாளியின் மூச்சு மாறியதைக் கவனித்து டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். அதைப் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்ட முடியாது. கேட்டால்தான் தெரியும். கேட்டதை எழுதி வைக்க முடியும். நேற்று வரை கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்த அம்மாவுக்கும் இப்போது அது முடியும்.

பேசுங்கள், எழுதுங்கள்

உங்கள் வீட்டில் அல்லது தெருவில் சமீபத்தில் பட்டம் வாங்கிய ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். சம்பளத்தைக் கேட்க வேண்டாம். இந்த வருஷம் செய்த வேலையில் எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். அந்த வேலையில் கூட இருந்து உதவியவர் யார் என்றும் கேளுங்கள். புரியாத சொல் வந்தால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

பிறகு நோட்டில் ஐந்து வரி எழுதுங்கள். முதல் வரியில் பெயர். இரண்டாவது வரியில் தேதி. அடுத்த இரண்டு வரியில் செய்த வேலை. கடைசி வரியில் உதவியவர் பெயர். எழுதியதை அவரிடமே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவர் திருத்தட்டும்.