பெக்கப் எடுக்கும்போது இறுகி நிற்கும் கணனி

புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், ஒரு சனிக்கிழமை மாலை கடை பூட்டும் நேரத்தில் தொலைபேசி எடுத்தார். "நானா, பெக்கப் எடுக்கிற நேரம் கொம்பியூட்டர் இறுகிப் போய் நிக்கிது. மவுஸும் அசையுதில்ல. பட்டனை அமத்தி ஓப் பண்ணிட்டேன்" என்றார். ஓப் பண்ணட்டுமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, செய்துவிட்டுத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் கணக்குப் புரோகிராம் திறக்கவில்லை. திறந்திருந்த நிலையில் மின்சாரத்தை நிறுத்தியதால் அதன் தரவுக் கோப்பு பழுதாகிவிட்டது. சரி, இரண்டாவது டிஸ்க்கில் பெக்கப் இருக்கிறதே என்று பார்த்தால், அதுவும் பாதிதான். ஏனென்றால் அவருடைய கணக்குப்பிள்ளை ஒவ்வொரு வாரமும் ஒரே பெயரில், பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதி வந்தார். பழையது அழிந்துவிட்டது, புதியது முடியவில்லை. வெளியூர்க் கடைகளிடமிருந்து வரவேண்டிய கடன் பாக்கி, திகதி போட்டு வாங்கி வைத்த காசோலைகளின் விபரம் எல்லாம் அதற்குள்தான்.

இந்தக் கோளாறு நமது கடைகளில் அடிக்கடி காணப்படுகிறது. கணனி மற்ற வேலைகளை ஒழுங்காகச் செய்யும். இரண்டாவது டிஸ்க்கில் உள்ள கோப்பைத் திறந்தால் திறக்கும். புதுக் கோப்பொன்றைப் போட்டாலும் போகும். ஏற்கனவே உள்ள கோப்பின் மேல் எழுதும்போது மட்டும் இறுகிவிடும். உடனே வைரஸ் என்று சொல்லி விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுவார்கள். பணமும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

இறுகி நிற்கிறது என்றால் என்ன? பெரும்பாலும் கணனி செத்துவிடவில்லை, டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்து நிற்கிறது. விண்டோஸ் ஒரு டிஸ்க்குக்குக் கட்டளை கொடுத்தால் வழமையாக 60 வினாடி வரை பொறுத்திருக்கும். பதில் வராவிட்டால் அந்த இணைப்பை மீளத் தொடக்கி, திரும்பவும் கேட்கும். இப்படி நாலைந்து தரம் நடந்தால் நாலைந்து நிமிடம் போய்விடும். எனவே முதலில் பொறுமை வேண்டும். டாஸ்க் மெனேஜர் திறக்க முடிந்தால், அதில் பெர்போமன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். உழைப்பு 100 வீதம் என்றும், எழுதும் வேகம் பூச்சியத்துக்குக் கிட்ட என்றும் காட்டினால், குற்றவாளி டிஸ்க் பக்கம்தான். டிஸ்க்குகளுக்கு இலக்கம் பூச்சியத்திலிருந்து ஆரம்பிக்கும், ஆகவே இரண்டாவது டிஸ்க் அங்கே 1 என்றிருக்கும்.

இதற்கிடையில் ஒரு கேள்வி. உங்களுடைய டி டிரைவ் உண்மையில் இன்னொரு டிஸ்க்தானா? பல கடைகளில் நான் பார்த்தது, ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து சி என்றும் டி என்றும் பெயர் வைத்திருப்பார்கள். முதலாளி தன்னிடம் இரண்டு டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார். ஒரு அலுமாரியின் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் பணத்தை வைத்துவிட்டு, இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன் என்று சொல்வது போல இது. டிஸ்க் மெனேஜ்மன்ட் என்ற பகுதியைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாவது டிஸ்க்தான் என்று உறுதியானால், திருத்த ஆரம்பிக்கும் முன் அதில் உள்ள முக்கியமான கோப்புகளை வேறொன்றுக்குப் பிரதி எடுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. சாகப்போகும் டிஸ்க்கில் முழுப் பரிசோதனையை ஓட விட்டால், மணிக்கணக்கில் அதை ஓட்டி, மிச்சமிருந்த உயிரையும் எடுத்துவிடலாம்.

பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை இது காட்டும். நீண்ட பட்டியல் வரும், நமக்கு நாலு வரி போதும். 05 என்பது பழுதானதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். சி5 என்பது வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள். சி6 என்பது சோதித்தும் சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றிலும் கடைசி நிரல் முழுவதும் பூச்சியமாக இருந்தால் நல்லது. சி5 கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய கோப்பு கிடக்கும் இடம் பழுதான இடமாக இருந்தால், அதன் மேல் எழுதப் போகும்போது டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று நேரத்தை விழுங்கும். புதுக் கோப்பு நல்ல இடத்துக்குப் போவதால் சிக்கல் தெரியாது.

நாலாவது வரி சி7. இது கூடியிருந்தால் சந்தோஷப்படலாம். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் போகும் தரவில் பிழை ஏற்பட்டதை இது எண்ணுகிறது. பெரும்பாலும் கேபிள்தான் காரணம். பிளக்கைக் கழற்றிவிட்டு சாட்டா கேபிளை மாற்றி, வேறு துளையில் செருகிப் பாருங்கள். மின்சாரம் கொடுக்கும் வயரையும் இறுக்குங்கள். சி7 எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. ஆகவே இன்றைய எண்ணைக் குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்துக் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நூறு ரூபா கேபிளுக்காக நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

நாலு வரியும் சுத்தம் என்றால், டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, ப்ரொபர்டீஸில் டூல்ஸ் பக்கம் போய்ப் பிழை பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் திடீரென்று போனால் கோப்பு அட்டவணை குழம்புவது வழமை. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் முழு நாடும் இருண்டது. யூ.பி.எஸ். இல்லாமல் கணக்கு எழுதுவது கூரையில்லாத கடையில் சீனி மூட்டை அடுக்குவது போன்றது.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. இப்போது வரும் மலிவான பெரிய டிஸ்க்குகள் பலவற்றில் தரவுத் தடங்கள் ஓட்டுக் கூரை போல ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறியபடி எழுதப்படுகின்றன. இதற்கு எஸ்.எம்.ஆர். என்று பெயர். கூரையின் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் படிந்திருக்கும் ஓடுகளையும் தூக்கித்தானே ஆக வேண்டும்? அதுபோல இந்த டிஸ்க்கில் உள்ள ஒன்றை மாற்றி எழுத, பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. முதலில் ஒரு தற்காலிக இடத்தில் வேகமாக வாங்கி வைக்கும். அது நிரம்பியதும் வேகம் விழுந்து, உறைந்தது போல நிற்கும். டிஸ்க் பழுதில்லை, அதன் சுபாவமே அப்படி. பெரிய உற்பத்தியாளர்கள் சிலர் இதைப் பெட்டியில் சொல்லாமலே விற்றது 2020 ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்து, பிறகுதான் எந்தெந்த மாதிரி எஸ்.எம்.ஆர். என்று பட்டியல் போட்டார்கள். வாங்க முன் மாதிரி இலக்கத்தைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

நண்பருடைய டிஸ்க்கில் சி5 கூடியிருந்தது. கேபிளில் குற்றமில்லை. கணக்குப்பிள்ளையின் மேசை லாச்சியில் மூன்று வாரத்துக்கு முந்திய பிரதியோடு ஒரு பென் டிரைவ் அகப்பட்டதால்தான் தப்பினார். மிச்ச மூன்று வாரத்தையும் பில் புத்தகங்களை வைத்து இரண்டு பிள்ளைகள் ஐந்து நாள் உட்கார்ந்து பதிந்தார்கள். இரண்டு கடைக்காரரின் பாக்கி மட்டும் ஒத்து வரவில்லை. அவர்கள் சொன்ன தொகையையே நண்பர் ஏற்றுக்கொண்டார், வேறென்ன செய்வது.

இப்போது அவர் ஒரே பெயரில் எழுதுவதில்லை. திங்கள் முதல் சனி வரை ஆறு பெயர்களில் ஆறு கோப்பு. அடுத்த திங்கள் வந்தால், பழைய திங்களை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, புதியதை எழுதி, திறந்து பார்த்து, கடைசி பில் இலக்கம் சரியென்றால்தான் பழையதை அழிக்கிறார்கள். சனிக்கிழமைக் கோப்பு பென் டிரைவில் ஏறி, அவருடைய சட்டைப் பையில் வீட்டுக்குப் போகிறது. பழைய டிஸ்க்கைக் காயலான் கடைக்குக் கொடுக்கப் பார்த்தார், நான் விடவில்லை. பாதி செத்த டிஸ்க்கிலிருந்தும் வாடிக்கையாளர் கணக்கை எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் அவருடைய கடைச் சுத்தியலாலேயே அதற்கு ஒரு முடிவு கட்டினோம்.