குண்டாற்றில் ஏன் பெரிய அணை இல்லை?

கேள்வி: பிளவக்கல்லில் அணை இருக்கிறது, வெம்பக்கோட்டையில் இருக்கிறது. குண்டாறு ஓடியும் எங்கள் காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் பெரிய அணை ஒன்றுகூட இல்லை. அரசு நிதி ஒதுக்காததுதானே காரணம்?
– ஒரு வாசகர், காரியாபட்டி

பதில்: சொந்த மாவட்டத்து அணைகளையே எடுத்துக்காட்டிக் கேட்டிருக்கிறீர்கள். பதிலையும் அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

பணம் கொடுத்தால் எங்கும் அணை கட்டிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. பிளவக்கல் அணைகள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கின்றன. அங்கே குறுகலான இடத்தில் சுவர் எழுப்பினால் பின்னால் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஆழமாகத் தேங்கும். உங்கள் பக்கத்து நிலத்துக்கு அந்த வாட்டம், அதாவது சரிவு, கிடையாது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கினால் அது 5 கிலோமீட்டர் பின்னுக்குப் பரவும். சராசரி ஆழமோ இரண்டரை மீட்டரைத் தாண்டாது. தென்மாவட்ட வெயிலில் ஓராண்டில் ஆவியாகிப் போவதே ஒன்றரை மீட்டருக்குக் குறையாது. முழுகுவது பட்டா நிலமும் ஊர்களும். மிஞ்சுவது பாதித் தண்ணீர்கூட இல்லை.

வெம்பக்கோட்டை, கோல்வார்பட்டி அணைகள் சமவெளியில்தானே இருக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அவை வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. பரந்து, ஆழம் குறைந்து கிடப்பவை. மழை பொய்த்த ஆண்டில் அவை எப்படி இருக்கும் என்பதைச் சாத்தூர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

குண்டாற்றுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஆண்டு முழுதும் ஓடாத மழையாறு அது. வருகிற வெள்ளத்தை வழியிலுள்ள கண்மாய்கள் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஒரு பெரிய அணை வந்தால் அது கீழே கமுதிப் பக்கத்தார் பங்கில்தான் கைவைக்கும்.

கண்மாயும் ஆழமில்லாததுதானே என்றால், அது தண்ணீரை அடுத்த ஆண்டுக்குச் சேமிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிய தண்ணீர், கோடை வெயில் ஏறுமுன் மடை வழியாகக் கண்மாயின் ஆயக்கட்டுக்கு, அதாவது அதன் பாசனத்துக்கு உட்பட்ட வயலுக்கு, போய்விடுகிறது. மிஞ்சியது கலுங்கு என்னும் கல்கட்டு வழிந்து அடுத்த கண்மாயைச் சேர்கிறது. இந்த நிலத்தில் அணை செய்ய வேண்டிய வேலையைச் சங்கிலித்தொடராக இப்படி நூற்றுக்கணக்கான கண்மாய்கள் செய்கின்றன. தமிழகத்தில் இத்தகைய ஏரி, கண்மாய்கள் சுமார் 39,000 உள்ளன.

அப்படியானால் அரசுப் பணம் எங்கே போக வேண்டும்? வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரவும், வந்த தண்ணீரைக் கண்மாயில் சேர்க்கவும். முதலாவதற்கு வைகையிலிருந்து நிலையூர் வழியாக வரும் கம்பிக்குடி கால்வாய் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. கடைமடை என்பதால் வைகையில் தாராளமாகத் திறந்தால்தான் தண்ணீர் எட்டும். பெரிய திட்டம் காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு. 2021 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 14,400 கோடி ரூபாய்; மாயனூர் கட்டளைக் கதவணையிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய். திருப்பிவிடப் போவது காவிரியின் வெள்ள உபரி மட்டுமே. வைகையிலிருந்து குண்டாறு வரையிலான 34 கிலோமீட்டர் மூன்றாவது, கடைசிக் கட்டம். முதல் இரண்டும் முடியாமல் இதில் சொட்டுத் தண்ணீர் வராது. அந்தக் கட்டங்களை விரைவுபடுத்தச் சொல்லிக் கேட்பதும் உங்கள் ஊர்க் கோரிக்கைதான்.

என் கவலையெல்லாம் இரண்டாவது வேலையான, வந்த தண்ணீரைக் கண்மாயில் சேர்ப்பதைப் பற்றித்தான். வரத்துக்கால்வாயில் ஒருநாள் நடந்து பாருங்கள். சீமைக்கருவேல் அடைத்திருக்கும். சாலை குறுக்கிடும் இடத்தில் பாலத்தின் அடித்தளம் கால்வாய்ப் படுகையைவிட ஒரு முழம் உயரமாக இருந்தால், அந்த முழத்துக்குக் கீழே வருகிற தண்ணீர் அங்கேயே தேங்கி, பக்கத்துக் காட்டில் ஏறிவிடும். நல்ல மழை பெய்தும் கண்மாய் பெருகாததற்கு இது போதும். காவிரித் தண்ணீரே வந்தாலும் இதே கால்வாயில்தான் போயாக வேண்டும்.

இதற்கு நிதி இல்லாமல் இல்லை. நீர்நிலைகளைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2005 முதல் இருக்கிறது. ஊர்க்காரர்களே நீர்நிலைகளைப் பராமரிக்கும் பழைய முறையான குடிமராமத்தைத் தமிழக அரசு 2017-இல் மீட்டெடுத்தபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரலாம் என்று வைத்தது. உழைப்பையும் பங்காகக் கணக்கில் எடுத்தது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வேலை நடக்கும் இடத்தில் ஊர்க்காரர் நிற்பார், தூர் எவ்வளவு ஆழம் அள்ளினார்கள் என்று பார்ப்பார்.

மனு கொடுக்குமுன் உங்கள் கண்மாயின் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை. குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். மாறிப் போன மனு மேசை மேசையாகச் சுற்றும். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். எந்தப் பாலம், எந்த மடை, எத்தனை முழம் என்று அளந்து எழுதிக் கொடுங்கள்.