வழக்கிற்கு முன்னே வழக்கறிஞர்

வழக்கறிஞர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது நீதிமன்றமே. சட்டம் பயிலும் மாணவரும் வாதத் திறனையே பெரிதெனப் போற்றுகின்றனர். ஆயின், அறப்பணிச் சங்கங்களுக்கும் சிறுதொழில் புரிவோர்க்கும் வழக்கு எழுமுன்பே சட்டத்துணை தேவைப்படுகின்றது. அத்துணையை நல்கும் பயிற்சி மாணவப் பருவத்திலேயே தொடங்குதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டினைக் காண்போம். ஆம்பூரில் காலணியின் மேற்பகுதியைத் தைத்துக் கொடுக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்று உள்ளதெனக் கொள்வோம். சரக்கினைப் பெற்ற பெருநிறுவனம் ஆறு திங்களாகியும் பணம் தரவில்லை. தொழிலாளர்க்குக் கூலி கொடுக்க உரிமையாளர் கடன்படுகின்றார். ஒப்பந்தம் எவ்வாறிருப்பினும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குமேல் பணத்தை நிறுத்தி வைத்தல் கூடாது என்கின்றது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. ஆனால், பதிவு பெறுமுன் அனுப்பிய சரக்கிற்கு இப்பயன் கிட்டாது என உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. எனவே, தொழில் தொடங்கும்போதே பதிவு செய்யுமாறு அறிவுரை கூற ஒருவர் இருந்திருத்தல் வேண்டும்.

சங்கங்களின் நிலையும் இதுவே. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிந்த சங்கம், ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கினைப் பதிவாளரிடம் அளித்தல் வேண்டும். நல்லெண்ணம் மிக்க செயலாளரே இதனை மறந்தாலும், ஏழை மாணவர்க்கெனத் திரட்டிய நிதி ஐயத்திற்கு இடமாகிவிடும்.

2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் ஆவணம் வரைதலைக் கட்டாயப் பாடமாக்கின. கல்லூரிதோறும் சட்ட உதவி மையம் வேண்டுமென்றும் விதித்தன. வழக்கறிஞராகப் பதிவு பெறாத மாணவர் மன்றில் வாதிட இயலாது. எனினும், தேர்ந்த வழக்கறிஞரின் மேற்பார்வையில் கட்சிக்காரரிடம் செய்திகளைக் கேட்டறியவும், ஒப்பந்தமும் சங்க விதிகளும் வரையவும் அம்மையத்தில் பயிலலாம்.

அங்கு அவர் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, கட்சிக்காரர் யாரெனத் தெளிதல். சங்கத்திற்காக எழுதுபவர் செயலாளரின் விருப்பத்திற்கன்று, சங்கத்தின் நலனுக்கே கடமைப்பட்டவர். இரண்டாவது, எழுதுமுன் பொறுமையுடன் கேட்டல். கடைக்காரர் சொல்லாமல் விட்ட வாய்மொழி உடன்பாடே பின்னர் வழக்காக முளைக்கும். மூன்றாவது, கையொப்பமிடுவோர்க்கு விளங்கும் தமிழில் ஆவணத்தை எடுத்துரைத்தல். இதில் நம் தமிழ்த்துறைக்கும் பங்குண்டு.

ஊர்ச் சங்கங்களை நடத்தும் பெரியோர்கள் தம் விதிநூலையும் கணக்கேட்டையும் இத்தகைய மாணவர்முன் திறந்து வைப்பாராயின், மாணவர் தொழில் கற்பர். சங்கங்கள் நிலைபெறும் என்பது எம் துணிபு.