சிறுநீரக நோய் உள்ள பிள்ளை ஓடி விளையாடலாமா?

நம் முதுகுப் பக்கம் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. அவை இரத்தத்தை வடிகட்டும். கழிவைச் சிறுநீராகத் தள்ளும். புரதச் சத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்.

சில பிள்ளைகளுக்கு இந்த வடிகட்டி ஒழுகும். புரதம் சிறுநீரில் போய்விடும். காலையில் கண் இமை வீங்கியிருக்கும். பிறகு காலும் வயிறும் வீங்கும். சிறுநீர் நுரைக்கும். இதற்கு நெஃப்ராட்டிக் நோய் என்று பெயர். 2 வயது முதல் 6 வயதுக்குள் அதிகம் வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையில் குணம் தெரியும். ஆனால் திரும்பவும் வரலாம்.

"ஓடாதே ராசா, முகம் வீங்கும்" என்பார் பாட்டி. பேரன் மேல் அவருக்கு உயிர். ஆனால் ஓடுவதால் இந்த நோய் வருவதில்லை. சளி, காய்ச்சலுக்குப் பிறகுதான் பல முறை திரும்புகிறது.

படுத்தே கிடப்பதுதான் கெடுதல். இந்த நோயில் இரத்தம் எளிதில் உறையும். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளலாம். மாத்திரையால் பசி கூடும், உடம்பு பருக்கும், எலும்பு பலம் குறையும். நடந்தால், ஓடினால் எலும்பு உறுதிப்படும்.

ஒரு தாய் நர்சம்மாவிடம் கேட்டார்:

"டிரில் பீரியடில் இவனை மரத்தடியில் உட்கார வைக்கிறார்கள், சிஸ்டர். சரியா?"

"வீக்கம் இல்லையே அம்மா? பிள்ளைகளோடு விளையாடட்டும். களைத்தால் அவனே நிற்பான். டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி வாத்தியாரிடம் கொடுங்கள்."

"வீங்கினால்?"

"ஓட்டம் வேண்டாம். வீட்டுக்குள் நடக்கட்டும். உப்பைக் குறையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்."

மூச்சு வாங்கினாலோ, வயிறு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிள்ளைக்குக் கபடியும் குஸ்தியும் ஆகாது. புதுச் சிறுநீரகம் அடிவயிற்றில் முன்பக்கம் இருக்கிறது. அடி நேராக அதில் விழும். டாக்டர் சரி என்றபின் நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் விடலாம்.

காலைச் சிறுநீரை வீட்டிலேயே சோதிக்கலாம். மருந்துக் கடையில் அதற்குப் பட்டை விற்கிறது. சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும். டப்பாவில் உள்ள நிறத்தோடு ஒத்துப் பாருங்கள். தொடர்ந்து 3 நாள் '3+' அல்லது அதற்கு மேல் காட்டினால் நோய் திரும்பிவிட்டது. வீக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

இதை நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரிந்த கை இப்போது உங்களிடம் இருக்கிறது. டாக்டர் முதலில் கேட்பதும் அந்த நோட்டைத்தான்.

எழுதிப் பழகுங்கள்: தேதி. சிறுநீர். மாத்திரை. எடை. இன்று என்ன விளையாடினான்?