பழைய வண்டி வாங்குமுன்: மீட்டர் கணக்கும் மெய்க் கணக்கும்



மூட்டை வாங்கினால் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் பணம் கொடுப்பதில்லை. தராசிலும் எடைக்கல்லிலும் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆனால் இரண்டு லட்சம், மூன்று லட்சம் போட்டு ஒரு பழைய லோடு வண்டி வாங்கும்போது மட்டும், மீட்டரில் தெரியும் ஓர் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறோம். அந்த மீட்டருக்கு முத்திரை போடுவார் யாரும் இல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் மளிகைக்கடை நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று, ஆடி மாதத்தில் ஐந்து வயதான ‘குட்டி யானை’ ஒன்றை 2,35,000 ரூபாய்க்கு வாங்கினார். பாதிப் பணம் வீட்டு நகையை அடகு வைத்துத் திரட்டியது. மீட்டர் காட்டியது 43,000 கிலோமீட்டர். புது பெயிண்ட், புது சீட் கவர். தரகர் சொன்ன வார்த்தையே சாட்சி. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது இன்ஜின் மடங்கிவிட்டது. வண்டியைப் பிரித்த மெக்கானிக், கதவு ஓரத்தில் பெயிண்டுக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய ஆயில் மாற்றிய சீட்டைக் காட்டினார். அதில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. எழுதியிருந்த கிலோமீட்டர் 86,000. இன்ஜின் வேலைக்கு 70,000 ரூபாய். அது போக, சீசன் முழுவதும் சரக்கு ஏற்ற மறுபடியும் வாடகை வண்டி. அந்தச் சீட்டு வாங்கிய அன்றும் அதே கதவில்தான் இருந்தது. தேடிப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மீட்டரை எப்படிக் குறைக்கிறார்கள்?

பழைய மாடல் வண்டிகளில் மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டால் போதும், வண்டி ஓடும், எண் ஓடாது. இப்போது வரும் டிஜிட்டல் மீட்டரில் ஓடிய தூரம் ஒரு சிறிய சிப்பில் பதிவாகிறது. கருவியை மாட்டி அந்தப் பதிவையே மாற்றிவிடுகிறார்கள். சிலர் வேறு வண்டியின் மீட்டரை முழுதாக எடுத்துப் பொருத்திவிடுகிறார்கள். எனவே ‘டிஜிட்டல் மீட்டர், மாற்ற முடியாது’ என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

முதலில் மனக்கணக்கு போடுங்கள்

வண்டி முன்பு என்ன தொழிலுக்கு ஓடியது என்று கேளுங்கள். காய்கறி மார்க்கெட்டுக்குத் தினம் 70 கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால், வருடத்துக்கு 300 நாள் வைத்தாலும் 21,000 கிலோமீட்டர். ஐந்து வருடத்துக்கு 1,05,000. மீட்டர் 43,000 காட்டினால் மீதி 62,000 எங்கே போயிற்று? வண்டி நடுவில் நின்றிருந்தது என்று பதில் வந்தால் எவ்வளவு காலம், ஏன் நின்றது என்று கேளுங்கள். நம் கடை இருப்புக் கணக்கில் பத்து மூட்டை குறைந்தால் விடுவோமா? அதே கண்டிப்பு இங்கும் வேண்டும்.

சர்வீஸ் பதிவைப் பார்க்கும் முறை

1. சர்வீஸ் புத்தகத்தையும், ஜாப் கார்டு, பில் அனைத்தையும் கேட்டு வாங்குங்கள். தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் எழுதியுள்ள கிலோமீட்டரை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தேதி ஏற ஏற கிலோமீட்டரும் ஏற வேண்டும். ஓர் இடத்தில் இறங்கினாலும் அந்த வண்டி வேண்டாம்.

2. புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே நாளில் எழுதியது போல் இருந்தால் சந்தேகப்படுங்கள். விற்பவரையே உடன் அழைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, கம்ப்யூட்டரில் உள்ள பழைய பதிவுகளைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் வருவதற்குத் தயங்க மாட்டார்.

3. வெளி மெக்கானிக்கிடம் பார்த்த வண்டி என்றால் அந்த மெக்கானிக்கிடம் நேரில் கேளுங்கள். டயர் கடை பில், வீல் அலைன்மென்ட் சீட்டு, பேட்டரி வாரண்டி கார்டு ஆகியவையும் சாட்சிகளே. பலவற்றில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும்.

4. இன்ஷூரன்ஸ் பாலிசிகளைப் பாருங்கள். விபத்துக்கு க்ளெய்ம் வாங்கியதுண்டா என்று கேட்டு, எந்த பாகம் மாற்றியது என்று பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

வண்டியே சொல்லும் சாட்சி

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது என்று பொருள். வண்டி 2020 மாடல், மீட்டர் 20,000, ஆனால் நான்கு டயரும் 2023இல் தயாரானவை என்றால், முதல் டயர்கள் அதற்குள் தேய்ந்தது எப்படி என்று கேட்க வேண்டும்.

கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங், கியர் பிடி, டிரைவர் சீட்டின் ஓரம் ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். குறைந்த தூரம் ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்காது. அவை மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். மீட்டரைச் சுற்றியுள்ள ஸ்க்ரூ கழற்றிய அடையாளம் உண்டா என்றும் கவனியுங்கள்.

நாம் போகுமுன் இன்ஜினைச் சூடாக்கி வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சேஸிஸில் வெல்டிங் தழும்பு, பட்டையில் விரிசல் உண்டா என்று அடியில் படுத்துப் பாருங்கள். முடிந்தால் பாரம் ஏற்றி ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். கூட வரும் மெக்கானிக் நம் ஆளாக இருக்க வேண்டும். விற்பவர் அழைத்து வந்தவராக இருக்கக்கூடாது.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, எத்தனையாவது உரிமையாளர், ஃபைனான்ஸ் பாக்கி உண்டா, எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எதுவரை, அபராதம் நிலுவையா என்று பார்த்துவிடுங்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடந்தோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

கடன் இருந்த வண்டி என்றால் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப்பணம் தரக்கூடாது. படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். முன்பணத்துக்கு வாங்கும் ரசீதில், ‘சர்வீஸ் பதிவும் மீட்டரும் ஒத்துவராவிட்டால் பணம் திரும்பத் தரப்படும்’ என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வண்டியை எடுக்கும் நாளில் மீட்டர் எண், தேதி, நேரம் மூன்றையும் ஒப்பந்தத்தில் குறித்து இருவரும் கையெழுத்திட வேண்டும். மீதிப் பணம் வங்கி வழியாகவே போகட்டும்.

நாம் விற்கும்போதும் இதே கவனம் தேவை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவது பலருக்கும் பழக்கம். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கடைசியாக ஒன்று. அதிகம் ஓடிய வண்டி எல்லாம் மோசமான வண்டி அல்ல. ஒழுங்காக ஆயில் மாற்றி, பில்லைப் பத்திரமாக வைத்திருக்கும் 90,000 கிலோமீட்டர் வண்டி, கணக்கே இல்லாத 40,000 கிலோமீட்டர் வண்டியைவிட எவ்வளவோ மேல். தூரம் தெரிந்தால் அடுத்த செலவு எப்போது வரும் என்று தெரியும், அதற்குத் தக்க விலை பேசலாம். தூரத்தை மறைத்தவர் வேறு எதை மறைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

ஆகவே இன்று முதல் நம் வண்டிக்கென ஒரு ஃபைல் போடுவோம். ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் கிலோமீட்டர் குறித்து அதில் கோத்து வைப்போம். நாளை நாம் விற்கும்போது அந்த ஃபைலே நமக்கு நல்ல விலை வாங்கித் தரும். வாங்குகிறவர் பெரும்பாலும் நம்மைப் போன்ற இன்னொரு சிறு வியாபாரிதான். அவருடைய அடகு நகையும் அந்த விலையில் இருக்கும்.