இடுப்பில் கோளாறு, காலில் வலி: சயாட்டிகாவைப் புரிந்துகொள்வோம்

கோயில் திருவிழா வந்தால் நாற்காலி அடுக்குறது, அரிசி மூட்டை இறக்குறது, அன்னதான அண்டாவைத் தூக்குறது எல்லாம் நம்ம இளைஞர்கள் வேலைதான். அந்தப் பாரத்தையெல்லாம் தாங்குற இடுப்பைப் பற்றியதுதான் இந்தப் பாடம். நான் மருத்துவ மாணவன் இல்லை, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன். ஆனா இந்த விஷயத்தில் பாதி மருத்துவம், மீதி பாதி நாம் பள்ளியில் படித்த நெம்புகோல் கணக்கு.

1. வலி எங்கே, காரணம் எங்கே?

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், அதாவது இடுப்புப் பகுதியில், 5 எலும்புகள் இருக்கின்றன. ஒவ்வோர் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு டிஸ்க். அதற்கு வெளியே கெட்டியான வளையம், உள்ளே ஜெல் போன்ற பகுதி. வளையம் கிழிந்து உள்ளே இருப்பது பிதுங்கினால், பக்கத்தில் போகிற நரம்பு வேர் அழுந்திப் புண்படும்.

இங்கிருந்து புறப்படும் வேர்கள் சேர்ந்ததுதான் சயாட்டிக் நரம்பு. உடம்பிலேயே தடிமனான நரம்பு இது. பிட்டம் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்கிக் கால் வரை போகிறது. அதனால்தான் கோளாறு இடுப்பில் இருந்தாலும் வலி காலில் தெரிகிறது.

தசைப் பிடிப்பு என்றால் பெரும்பாலும் இடுப்போடு நிற்கும். சயாட்டிகா வலி முழங்காலுக்குக் கீழேயும் இறங்கும். பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். கரண்ட் அடிப்பது மாதிரி சுளீர்னு இழுக்கும், மரத்துப் போகும். இருமினால், தும்மினால் கூடும்.

என் அப்பா லோரி ஓட்டுநர். அவருக்குக் கெண்டைக்காலில் வலி வந்தப்ப, எல்லாரும் கால் நரம்பு சுருண்டுடுச்சுன்னுதான் சொன்னாங்க. ரெண்டு மாசம் காலுக்கே எண்ணெய் போட்டு உருவினாங்க. ஒரு நாள் நடக்கும்போது வலது கால் சிலிப்பர் கழன்று போனதே அவருக்குத் தெரியல. பாதத்தைத் தூக்குற தசைக்குப் பலம் குறைஞ்சிருந்தது. அதுக்கப்புறம்தான் ஸ்கேன், பிசியோ எல்லாம். இப்போ லோரி ஓட்டுறார், ஆனா கட்டைவிரலில் இன்னும் முழுப் பலம் வரல.

2. நெம்புகோல் கணக்கு

10 கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் கையை நீட்டி, இடுப்பிலிருந்து 50 செண்டிமீட்டர் தள்ளித் தூக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதுகுத் தசை இருப்பதோ டிஸ்க்கிலிருந்து சுமார் 5 செண்டிமீட்டர் தூரத்தில். தூரம் பத்து மடங்கு என்பதால், அந்தத் தசை பத்து மடங்கு, அதாவது 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதே மூட்டையை உடம்போடு அணைத்து 20 செண்டிமீட்டரில் தூக்கினால் 40 கிலோ போதும். நம் மேல் உடம்பின் எடையை இதில் சேர்க்கவே இல்லை. தசை இழுக்கிற அந்த இழுப்பு எல்லாம் டிஸ்க் மேலதான் அழுத்தமா விழுது.

அதனால் தூக்கும்போது: பொருளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், முழங்காலை மடக்குங்கள், உடம்போடு அணையுங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருகாதீங்க, காலை எடுத்து வைத்துத் திரும்புங்க. அண்டா என்றால் ரெண்டு பேர், அவ்வளவுதான்.

3. வந்துவிட்டால் என்ன செய்வது?

பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் அறுவை சிகிச்சை இல்லாமலேயே குறையும். பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு.

• நாள்கணக்கில் படுத்தே கிடக்காதீங்க. வலி தாங்குற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா நடங்க.
• அரை மணி நேரத்துக்கு ஒரு முறை நாற்காலியை விட்டு எழுந்திருங்க. அசைன்மென்ட் இருந்தாலும் சரி, கேம் இருந்தாலும் சரி.
• ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்க.
• வலி மாத்திரையை டாக்டரையோ மருந்தாளரையோ கேட்டுச் சாப்பிடுங்க. கேஸ்ட்ரிக், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அதை மறக்காமச் சொல்லுங்க.
• பயிற்சியை பிசியோவிடம் கற்றுக்கொள்ளுங்கள். காலில் இருந்த வலி மேலே ஏறி இடுப்போடு நின்றால், அது பெரும்பாலும் நல்ல அறிகுறி.

4. காத்திருக்கக் கூடாத நேரம்

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீர், மலத்தை அடக்க முடியாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவில், உட்காரும் இடத்தில் மரத்துப் போனாலோ, ரெண்டு காலிலும் பலம் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மணிக்கணக்கு முக்கியம். சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு, மறைக்கக் கூடாது. ஒரு பாதம் தொங்கினாலும், காய்ச்சலோடு முதுகு வலி வந்தாலும், விழுந்து அடிபட்ட பிறகு வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. அடுத்த திருவிழாவில் எந்தெந்தப் பொருளை இனி ரெண்டு பேர் தூக்க வேண்டும்? பட்டியல் போடுங்கள்.
2. 15 கிலோ பொருளை 40 செண்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் முதுகுத் தசை எத்தனை கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும்?
3. உங்கள் வீட்டில் யாராவது "கால் வலி"ன்னு சொல்றாங்களா? அந்த வலி எங்கே தொடங்கி எங்கே முடியுதுன்னு இன்னைக்கே கேளுங்க.